சேர்வதும் சேர்க்கப்படுவதும்: ஆல்கீன் வேதியியலின் தமிழ் உரைநடையில் வினைமுதல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வேதியியல் எழுதுவது குறித்த விவாதம் நூறாண்டுக்கும் மேலாகக் கலைச்சொல்லைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. கலைச்சொல் என்று நாம் குறிப்பிடுவது பெரும்பாலும் பெயர்ச்சொல்லையே. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புடைய ஆல்கீன்களின் வினைகளை விளக்கும் தமிழ் உரைநடையை எடுத்துக்கொண்டு, அங்கு மாணவர் தடுமாறும் இடம் வாக்கியத்தின் எழுவாயிலும் பயனிலையிலும் அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் சொற்கள் ஒப்பிடப்படுகின்றன. வினையெச்சத் தொடர் வினை வழிமுறையை விளக்கும் ஆற்றலும் அதன் வரம்பும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆல்கீன், இரட்டைப் பிணைப்பு, வினைமுதல், வினையெச்சம், கலைச்சொல்லாக்கம், பாடநூல் தமிழ்.

முன்னுரை

தமிழகத்தில் 2018–19ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, பதினோராம் வகுப்பு வேதியியல் நூலின் இரண்டாம் தொகுதியில் ‘ஹைட்ரோகார்பன்கள்’ என்னும் அலகு இடம்பெற்றுள்ளது. ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்னும் மூன்றையும் மாணவர் விரிவாகச் சந்திக்கும் முதல் இடம் அதுவே. இவற்றுள் ஆல்கேன் பெரிதும் வினைபுரியாதது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. கரிம வேதியியலில் ‘எது எதனோடு, ஏன், எந்தப் பக்கமாக வினைபுரிகிறது’ என்னும் வினா முதன்முதலாக உயிர்பெறுவது ஆல்கீனில்தான். ஆகவே தமிழ் உரைநடை ஒரு வேதிவினையை எவ்வாறு சொல்கிறது என்பதைச் சோதித்தறிய இதைவிடப் பொருத்தமான பகுதி வேறில்லை.

இதில் சொல்லழகைக் காட்டிலும் பெரியதொன்று அடங்கியுள்ளது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. தமிழ்வழியில் வேதியியல் படித்து, நாளை அதே பாடத்தைத் தமிழில் நடத்தப்போகும் ஆசிரியர் ஒருவர், வினை வழிமுறையைத் தமிழ் வாக்கியமாகச் சிந்திக்க முடிகிறதா, அல்லது விடைத்தாளுக்காக மனப்பாடம் மட்டுமே செய்கிறாரா என்பது அச்சட்டத்தின் உட்பொருளையே தொடும் வினா.

பெயர்ச்சொல்லில் நின்ற வழக்கு

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தம் வேதியியல் நூலுக்கு இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. 1875இல் அச்சேறிய அந்நூலின் தலைப்பிலேயே தமிழ் ஈறும் ஆங்கிலப் பகுதியும் ஒன்றோடொன்று சமரசம் செய்துகொண்டு நிற்கின்றன. 1916இல் சேலத்தில் இராசாசி முன்னின்று தொடங்கிய பரிபாஷைச் சங்கம், 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த அரசுக்குழுவும் அதற்குத் தமிழறிஞர் காட்டிய எதிர்ப்பும் என்று இவ்வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அவ்வரலாற்றை இங்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பூசல்களிலும் பொதுவாக நின்றது ஒன்று: பெயர் வடமொழியா, தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்னும் கேள்வி. ‘பிராணவாயு’வா ‘உயிர்வளி’யா ‘ஆக்சிஜ’னா என்று வழக்காடியவர்கள், அது இரும்போடு ‘சேர்கிறதா’, ‘சேர்க்கப்படுகிறதா’, ‘சேர்க்கை அடைகிறதா’ என்பதைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு விலக்காகக் கருதத்தக்கவர் இராசாசி. பிற்காலத்தில் தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த அவர் எழுதிய நூலின் பெயர் ‘திண்ணை ரசாயனம்’. திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சில் ‘வினை நிகழ்த்தப்படுகிறது’ என்று எவரும் சொல்வதில்லை; திண்ணைப் பேச்சுக்கு எழுவாய் இன்றியமையாதது. பரிபாஷைச் சங்கம் தொடங்கியவரே தம் நூலுக்குத் திண்ணையைப் பெயராக்கியது தற்செயல் என்று நான் கருதவில்லை. சொல் கிடைத்த பிறகும் வாக்கியம் கிடைக்க வேண்டும் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

இன்றும் நிலை பெரிதும் மாறவில்லை. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் பேரகராதியும், எம்.ஆர்.சி. நகரில் இயங்கும் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் ‘சொற்குவை’யும் பெரும்பணிகள், அவற்றை அன்றாடம் பயன்படுத்தும் ஆய்வாளருள் நானும் ஒருவன். ஆயினும் அவற்றின் அமைப்பு ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச்சொல் என்னும் இணைப்பட்டியலே. சொல்லை வாக்கியத்தில் எந்த வேற்றுமை உருபோடு, எந்த வினைமுற்றோடு ஆள்வது என்பதைப் பட்டியல் சொல்லாது.

நிறைவுறாமை என்னும் பெயர்

ஆல்கீன் என்னும் ஒலிபெயர்ப்பில் குறையேதுமில்லை. ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்ற மூன்றையும் ஓர் உயிர்க்குறியே வேறுபடுத்துகிறது. தமிழ் எழுத்து அவ்வேறுபாட்டைத் தெளிவாகவே தாங்குகிறது. புரப்பீன், புரோப்பீன், புரோபீன் என்று நூலுக்கு நூல் எழுத்து மாறுவது எரிச்சலூட்டுவதுதான். ஆனால் அது பதிப்பாசிரியர் தீர்க்க வேண்டிய சிக்கல்.

சிக்கல் ‘நிறைவுறா ஹைட்ரோகார்பன்’ என்ற வகைப்பெயரில் தொடங்குகிறது. இலங்கைத் தமிழில் இது ‘நிரம்பாத ஐதரோகாபன்’. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்புகள். இரண்டும் ஆல்கீனை ஒரு குறையால் அடையாளப்படுத்துகின்றன. ஹைட்ரஜன் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது சரியே: ஈத்தேனில் ஆறு ஹைட்ரஜன், ஈத்தீனில் நான்கு. ஆனால் வினைபுரியும் பண்பை வைத்துப் பார்த்தால் ஆல்கீன் குறையுடையதன்று, மிகுதி உடையது. ஈத்தீனின் இரு கார்பன்களும் மூன்று கலப்பு ஆர்பிட்டால்களை ஒரே தளத்தில், ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் நீட்டிச் சிக்மா பிணைப்புகளை அமைக்கின்றன. எஞ்சிய ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்தி, தளத்துக்கு மேலும் கீழும் பை எலக்ட்ரான் முகிலாக விரிகின்றன. பிணைப்பு நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.34 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்குகிறது. பை பிணைப்பின் வலிமை மோலுக்கு ஏறத்தாழ 270 கிலோஜூல், சிக்மாவினுடையதைவிடக் குறைவு. இறுகப் பிடிக்கப்படாத, வெளியே விரிந்து கிடக்கும் இந்த எலக்ட்ரான் செல்வமே ஆல்கீனின் வினைகள் அனைத்துக்கும் ஊற்று.

‘நிறைவுறா’ என்று கேட்கும் மாணவர் மனத்தில் எழும் படம் இதற்கு நேர்மாறானது. வெற்றிடம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்ப ஏதோ வருகிறது, ஆல்கீன் ஏற்றுக்கொள்கிறது. ஈவோன் இரவலனாகிவிடுகிறான். ஆங்கிலத்திலும் இதே கேடு உண்டு என்று சொல்லலாம், உண்மைதான். ஆயினும் ஆங்கிலவழி மாணவருக்கு அச்சொல் வெறும் குறியீடாக நின்றுவிடுகிறது. தமிழ்வழி மாணவருக்கு ‘நிறைவு’ தாய்மொழிச் சொல். அது பொருளோடு வந்து இறங்குகிறது. தாய்மொழியில் கலைச்சொல் ஆக்குவதன் பேறும் அதுவே, இடரும் அதுவே.

கவர்தலும் நாடுதலும்

கிறிஸ்டோபர் இங்கோல்டு 1933இல் வழக்கில் கொண்டுவந்த இரு சொற்களைத் தமிழகப் பாடநூல்கள் ‘எலக்ட்ரான் கவர் பொருள்’, ‘கருக்கவர் பொருள்’ என்று வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் ‘இலத்திரன்நாடி’, ‘கருநாடி’ என்கின்றன. இவ்வேறுபாடு சிறிதன்று.

‘கவர்’ என்பதற்குப் பறித்துக்கொள்ளுதல், தன்பால் ஈர்த்தல் என இரு பொருளும் உண்டு. எலக்ட்ரான் கவர் பொருள் என்ற சொல் பழுதற்றது: அது எலக்ட்ரானைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. ஆனால் கருக்கவர் பொருள் எதையும் பறிப்பதில்லை. தன்னிடமுள்ள எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணைகிறது. கொடுப்பதற்கும் கொள்வதற்கும் ஒரே வினையடியை ஆண்டதால், எதிர்நிலையில் நிற்க வேண்டிய இரண்டு இரட்டைப்பிள்ளைகள்போல் ஆகிவிட்டன. மேலும், ‘கவர் பொருள்’ வினைத்தொகை. கவர்கின்ற பொருளா, கவரப்படுகின்ற பொருளா என்பதைத் தொகை தானாகச் சொல்லாது. கேட்போர் இடம் நோக்கி விரித்துக்கொள்ள வேண்டும். வேதியியல்படி பார்த்தால் ‘கருவால் கவரப்படும் பொருள்’ என்று விரிப்பதே பொருந்தும். அவ்வாறு விரிக்கும் ஆசிரியரை நான் இதுவரை கண்டதில்லை.

‘நாடி’ இத்தொல்லையைத் தவிர்க்கிறது. நாடுதல் விரும்பிச் செல்லுதல். அது கொடுக்கச் செல்வதாகவும் இருக்கலாம், கொள்ளச் செல்வதாகவும் இருக்கலாம். இங்கோல்டின் கிரேக்கச் சொல்லிலுள்ள விருப்பப் பொருளுக்கும் அதுவே நெருக்கமானது. தமிழகம் இச்சொல்லை ஏற்பதில் எனக்குத் தடையேதும் தெரியவில்லை. நாடித்துடிப்பு நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். ‘கரு’ என்றால் கருப்பை நினைவுக்கு வருகிறதே, அதைப் பொறுத்துக்கொண்டோம் அல்லவா?

ஆனால் இலங்கை வழக்கிலும் ஒரு நெருடல் உண்டு. அங்கே வேதிவினை என்பதே ‘தாக்கம்’. எல்லா வினையும் தாக்கமாகிவிட்டால், எது எதைத் தாக்கியது என்ற கேள்விக்குக் கூர்மை குறைந்துவிடுகிறது. தமிழக வழக்கான ‘வினை’ இங்கே மேலானது. வேதிவினையையும் வினைச்சொல்லையும் ஒரே சொல்லால் குறிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அதை நாம் பயன்படுத்தவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

அம்புக்குறியும் எழுவாயும்

புரப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையை எடுத்துக்கொள்வோம். பாடநூல்களிலும் வழிகாட்டி நூல்களிலும் பரவலாகக் காணப்படும் வாக்கிய வகைகள் இரண்டு. ஒன்று, ‘எலக்ட்ரான் கவர் பொருள் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது’ என்பது. மற்றொன்று, ‘புரப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடின் சேர்க்கை நடைபெறுகிறது’ என்பது. முதல் வாக்கியத்தில் எழுவாய் ஹைட்ரஜன். இரட்டைப் பிணைப்பு செயப்படுபொருள். இரண்டாவதில் வினைமுதலே இல்லை. ‘சேர்க்கை’ என்னும் தொழிற்பெயர் எழுவாயாக அமர்ந்து, ‘நடைபெறுகிறது’ என்னும் வெற்றுவினை அதை முடித்துவைக்கிறது. பெரும்பாலும் அதன்பின் சமன்பாடு ஒன்று வந்து, வாக்கியம் சொல்லாமல் விட்டதைத் தான் சொல்வதாகப் பாவனை செய்கிறது.

வேதியியலாளர் வரையும் வளைந்த அம்புக்குறி எலக்ட்ரான் இரட்டை எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதைக் காட்டுவது. இவ்வினையில் முதல் அம்பு இரட்டைப் பிணைப்பிலிருந்து கிளம்பி ஹைட்ரஜனில் முடிகிறது. ‘ஹைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது’ என்ற வாக்கியத்தைப் படித்த மாணவர், வாக்கியத்தின் போக்கை நம்பி அம்பை ஹைட்ரஜனிலிருந்து இரட்டைப் பிணைப்புக்கு வரைகிறார். மயிலாப்பூரில் மேல்நிலைத் தமிழ்வழி மாணவர்க்கு மாலை வகுப்பெடுக்கும்போது இதைத் தொடர்ந்து கண்டுவருகிறேன். அம்பைத் தலைகீழாக வரைந்த மாணவியிடம் காரணம் கேட்டேன். ‘ஹைட்ரஜன்தானே சார் போய்த் தாக்குது’ என்றார். இலக்கணப்படி அவர் விடை சரியானது. எழுவாயிலிருந்து செயப்படுபொருளுக்கு அம்பு போட்டிருக்கிறார். தவறான எழுவாயைக் கொடுத்தது உரைநடை.

மூலக்கூறுக்கு விருப்பமும் முயற்சியும் இல்லை. அங்கே எழுவாய் என்பதே ஒரு வசதிதான் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்புக்குறி மரபு ஒரு திசையைத் தேர்ந்துவிட்டது. வாக்கியமும் அதே திசையில் செல்ல வேண்டும் என்பதே நான் கேட்பது. அவ்வாறு எழுதினால் வாக்கியம் இப்படி அமையலாம்:

புரப்பீனின் பை எலக்ட்ரான் இரட்டை ஹைட்ரஜன் புரோமைடின் ஹைட்ரஜனை நாடி, அதை முனைக் கார்பனோடு பிணைத்து, நடுக்கார்பனை நேர்மின் சுமையோடு விடுகிறது. ஹைட்ரஜனை இழந்து விடுபட்ட புரோமைடு அயனி, தன் எலக்ட்ரான் இரட்டையை அந்நடுக்கார்பனுக்கு ஈந்து பிணைய, 2-புரோமோபுரப்பேன் உண்டாகிறது.

இதில் புதிய கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. ‘ஈ’ என்னும் வினையடி தமிழ் வேதியியலுக்குப் பழகியதே: ‘ஈதல் சகப்பிணைப்பு’ என்கிறோம், உலோக அணைவுச் சேர்மங்களில் ‘ஈனி’ என்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் ஈகையை அறிந்த உரைநடை, பதினோராம் வகுப்பில் மட்டும் ஏன் தாக்குதலைப் பற்றிக்கொண்டிருக்கிறது? நாடுதல் இருபுறமும் உண்டு. ஈதல் ஒருபுறமே உண்டு. அம்பு ஈயுமிடத்தில் தொடங்குகிறது.

விதியும் விதிவிலக்கும்

மார்க்கோனிகாஃப் 1869இல் கண்டறிந்த ஒழுங்கை மாணவர் ஒரு கட்டளைபோல ஒப்பிப்பர்: ஹைட்ரஜன் மிகுதியாக உள்ள கார்பனில் ஹைட்ரஜன் சேரும். பெராக்சைடு இருந்தால் இது தலைகீழாகும் என்பது அடுத்த கட்டளை. காரஷ், மேயோ ஆகியோர் 1933இல் விளக்கியது. முதலாவது விதி, இரண்டாவது விதிவிலக்கு என்று பாடம் நகர்ந்துவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே நியதியின் இரு வெளிப்பாடுகள் என்பது ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற வாக்கியத்தில் தெரிய வாய்ப்பே இல்லை. ஏனெனில் அவ்வாக்கியத்தில் எது முதலில், எது பின்னர் என்ற வரிசை கிடையாது.

வினையெச்சத்தால் சொல்லிப் பார்த்தால் வரிசை தானே வெளிப்படுகிறது. பெராக்சைடு இல்லாதபோது ஹைட்ரஜன் முதலில் முனைக் கார்பனில் அமர்ந்து, நடுக்கார்பனை நேரயனியாக விட, புரோமின் பின்னர் அங்கு வந்து சேர்கிறது. பெராக்சைடு உள்ளபோது ஒற்றை எலக்ட்ரானுடைய புரோமின் முதலில் முனைக் கார்பனில் அமர்ந்து, நடுக்கார்பனைத் தனி உறுப்பாக விட, ஹைட்ரஜன் பின்னர் அங்கு வந்து சேர்கிறது. இரண்டு வாக்கியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் வருவது எதுவாயினும் முனையில் அமர்கிறது. அப்போதுதான் அது விட்டுச்செல்லும் குறை, அண்டைக் கார்பன்களின் தாங்குதல் மிகுந்த நடுக்கார்பனில் நிற்க முடியும். மாறியது முதலில் வருபவர் யார் என்பது மட்டுமே. பெராக்சைடு விளைவு ஹைட்ரஜன் குளோரைடுக்கும் ஹைட்ரஜன் அயோடைடுக்கும் ஏன் பொருந்தாது என்பது ஆற்றல் கணக்கைச் சார்ந்த வேறு வினா. அதை இங்கு விடுகிறேன்.

ஒரு சூத்திரமும் ஒரு புறனடையுமாகக் கற்ற மாணவர், புதிய ஆல்கீன் ஒன்றைக் கொடுத்தால் ஹைட்ரஜனை எண்ணத் தொடங்குகிறார். வரிசையைக் கற்றவர் எந்தக் குறை எங்கே நிலைக்கும் என்று கேட்பார். இரு கார்பன்களிலும் ஹைட்ரஜன் எண்ணிக்கை சமமாக இருந்தால் முன்னவர்க்கு வழியடைந்துவிடும்; பின்னவர்க்குக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கும்.

எச்சத்தின் வரம்பு

வினையெச்சத்தைச் சர்வரோக நிவாரணியாக இக்கட்டுரை முன்வைக்கவில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாடு இறந்தகாலத்தது. ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்ற முறையை உணர்த்துவது. புரோமின் சேர்தலுக்கு அது பொருந்தும். புரோமின் மூலக்கூறு ஆல்கீனை நெருங்கி முனைவுற்று, ஒரு புரோமின் இரு கார்பன்களையும் பற்றி மூவணு வளையமாகி நிற்க, புரோமைடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து வளையத்தைத் திறக்கிறது. ராபர்ட்ஸ், கிம்பல் ஆகியோர் 1937இல் முன்மொழிந்த இடைநிலை இது. புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் மறைவதைக் காட்டி நிறைவுறாமையைச் சோதிக்கும் ஆய்வகப் பாடத்தில், நிறம் மறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இரு புரோமின்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தது ஏன் என்பதை மேற்கண்ட எச்சத்தொடர் சொல்லிவிடுகிறது.

ஆனால் எச்.சி. பிரவுன் 1956இல் கண்டறிந்த ஹைட்ரோபோரான் ஏற்றத்தில் போரானும் ஹைட்ரஜனும் ஒரே பக்கத்தில், ஒரே கணத்தில் சேர்கின்றன. அதை ‘போரான் சேர்ந்து, ஹைட்ரஜன் சேர்கிறது’ என்று எழுதினால் இல்லாத இடைநிலை ஒன்றை இலக்கணமே உண்டாக்கிவிடும். அங்கே வேண்டுவது எண்ணும்மையும் ‘ஒருங்கே’ என்னும் அடையும்: போரானும் ஹைட்ரஜனும் ஒருங்கே சேர்கின்றன. படிப்படியான வினைக்கு எச்சம், ஒருங்கு நிகழும் வினைக்கு உம்மை என்று பாடநூல் ஆசிரியர் ஒரு மரபைப் பேணினால், மாணவர் வாக்கிய அமைப்பிலிருந்தே வழிமுறையை ஊகிக்கலாம். ஆங்கிலத்தில் இதற்குத் தனிப் பெயரடைகளைக் கற்பிக்க வேண்டியுள்ளது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் தொழில் முதனிலைகளை எட்டாகப் பகுக்கிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலன், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். நிக்கல் முன்னிலையில் எண்ணெயை ஹைட்ரஜனேற்றும் வினையில் நிக்கல் எந்த முதனிலை? ‘வினையூக்கி’ என்ற சொல் அதைச் செய்விப்போனாகக் காட்டுகிறது. ‘நிக்கலைக் கொண்டு’ என்று எழுதும்போது கருவியாகிறது. உண்மையில் அது நிலனுக்கே மிக நெருக்கமானது. எண்ணெயின் இரட்டைப் பிணைப்பும் ஹைட்ரஜனும் நிக்கலின் பரப்பில் வந்து தங்குகின்றன. சேர்தல் அப்பரப்பின்மேல் நிகழ்கிறது. ‘நிக்கல் பரப்பின்மேல்’ என ஏழாம் வேற்றுமைப் பொருளில் எழுதினாலே மாணவர் மனத்தில் ஓர் இடம் உருவாகும்.

அவ்விடத்தை உணர்ந்தால்தான் வனஸ்பதியின் கதை புரியும். இயற்கை எண்ணெய்களில் இரட்டைப் பிணைப்புகள் பெரும்பாலும் ஒருபக்க மாற்றியங்கள். சங்கிலி அங்கே வளைந்து நிற்பதால் எண்ணெய் திரவமாக இருக்கிறது. ஹைட்ரஜனேற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போது, நிக்கல் பரப்பில் ஒரு ஹைட்ரஜனை மட்டும் ஏற்ற மூலக்கூறு சற்றே சுழன்று, ஏற்றதைத் திரும்பக் கொடுத்துவிட்டு, மறுபக்க மாற்றியமாகப் பரப்பை விட்டு நீங்குகிறது. இதுவே டிரான்ஸ் கொழுப்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவை 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ‘ஹைட்ரஜன் சேர்க்கப்படுவதால் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது’ என்று எழுதினால் அது ஒரு புதிராகவே நிற்கும்: ஹைட்ரஜன் சேர்ந்தால் இரட்டைப் பிணைப்பே இருக்காதே! சேர்ந்தது திரும்பியதால் உண்டானது அது.

அடையாறும் அடுக்களையும்

நடைமுறைத் தொழில்களின் தமிழ் இவ்வகையில் பாடநூல் தமிழைவிட முன்னேறி நிற்கிறது. அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துறையில் ஆல்கீன் வேதியியலுக்குத் தனி இடமுண்டு. பதனிட்ட தோலை மென்மையாக்க ஊட்டும் எண்ணெய் நீரில் கலக்க வேண்டும். அதற்காக மீன் எண்ணெய் போன்றவற்றின் இரட்டைப் பிணைப்பில் கந்தக அமிலத்தைச் சேர்ப்பர். சங்கிலியின் நடுவே சல்பேட் தொகுதி அமர்ந்து, எண்ணெயை நீரோடு இணக்குகிறது. தோல் தொழிலில் இதை எண்ணெய் ஊட்டுதல் என்றே சொல்லலாம்; ஊட்டுபவரும் உண்பதும் அச்சொல்லிலேயே தெளிவு.

தியாகராய நகர்ப் பழக்கடைக்காரர் ‘பழுக்கப் போட்டிருக்கிறோம்’ என்பார். பழம் தானே பழுப்பதும் பிறர் பழுக்க வைப்பதும் அவர் பேச்சில் குழம்புவதில்லை. பழுக்கத் தூண்டும் எத்திலீன் மிக எளிய ஆல்கீன். காய் தானே அதை வெளியிடுகிறது. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போட்டவர்கள் அப்புகையிலிருந்த எத்திலீனைப் பெயரறியாமல் பயன்படுத்தினர். இன்று கால்சியம் கார்பைடு தடைசெய்யப்பட்டு, எத்திலீன் வளிமம் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை அனுமதிக்கப்பட்டுள்ளது. பாடநூலில் ‘எத்திலீனின் பயன்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியாக நிற்கும் செய்தி இது.

அடுக்களைக்கும் இதில் பங்குண்டு. நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றிய குத்துவிளக்கு பிசுக்கேறுகிறது. தேங்காய் எண்ணெய் விளக்கில் அவ்வளவு ஏறுவதில்லை. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு; பின்னிக்கொள்ள அங்கே பிடிமானம் இல்லை. ‘பிசுக்கேறுகிறது’, ‘சிக்கு வாடை அடிக்கிறது’ என்று நம் வீடுகளில் புழங்கும் தொடர்கள் ஆல்கீன் ஆக்சிஜனேற்றத்தின் இரு விளைவுகளைப் பிரித்தறிந்து பெயரிட்டவை. ஒன்று மூலக்கூறுகள் பின்னிப் பெரிதாவது. மற்றொன்று அவை உடைந்து சிறிதாகி ஆவியாவது. இவற்றைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்காமல் பலபடியாக்கல் பாடத்துக்கு வாயிலாகக் கொள்வதில் என்ன தடை என்பதைப் பாடநூல் குழுக்களே சொல்ல வேண்டும்.

சொற்குவை போன்ற தொகுப்புகளுக்கு இங்கிருந்து பெறத்தக்க ஒரு நடைமுறை மாற்றம் உண்டு. வினையைச் சார்ந்த ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும், அதை எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் ஆண்ட ஓரிரு வாக்கியங்களைப் பதிவின்கீழ் சேர்க்கலாம். ‘எலக்ட்ரான்நாடி’ என்ற பதிவில் ‘ஆல்கீன் எலக்ட்ரான்நாடிக்குத் தன் பை எலக்ட்ரான் இரட்டையை ஈகிறது’ என்று ஒரு வரி இருக்குமானால், நான்காம் வேற்றுமையும் ‘ஈ’ என்னும் வினையும் சேர்ந்தே மாணவர் கைக்கு வரும். அம்பைத் தலைகீழாக வரைந்த மாணவியிடம் இவ்வரியைக் கொடுத்து மீண்டும் வரையச் சொன்னேன். இம்முறை இரட்டைப் பிணைப்பில் பேனாவை வைத்தார்.